பழவேற்காட்டில் சூடு கேட்டு வந்த ஜீப்

புதிதாகப் பட்டறைக்குள் காலடி வைத்திருக்கும் தோழர்களே, உங்களை நான் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன். இதோ, பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கல்லறைக்கு எதிரே நம் பட்டறை. கார்த்திகை மாதத்து அடைமழை. வாசலில் பானெட் திறந்தபடி ஒரு பழைய டீசல் ஜீப். அதன் பின்பக்கத்தில், தார்ப்பாய்க்குள், ஒரு மனிதர் படுத்திருக்கிறார். அவர் உடம்பின் சூடு இறங்கிக்கொண்டே போகிறது. அவரைச் சூடாக வைத்திருக்க வேண்டிய வண்டியின் ஹீட்டரோ குளிர்ந்த காற்றை வீசுகிறது. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இறுதியில் நான் உங்களிடம் தீர்ப்புக் கேட்கப்போவதில்லை. பார்த்ததை மறக்கக் கூடாது என்பது மட்டுமே என் கோரிக்கை.

நேற்று உங்களில் ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார்: "இங்க டீ போடுற பாத்திரத்துல எதுக்குண்ணே வால்வ வேக வைக்கிறாங்க?" அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த உரை.

முதலில் பேசுபவன் யார் என்று சொல்லிவிடுகிறேன். பொன்னேரிக் கல்லூரியில் படித்த நாட்களில் நான் ஏறிய மேடைகளில் தோற்று இறங்கியது அரிது. அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. படிப்பு முடிந்ததும் வீட்டுத் தேவை என்னை இந்தப் பட்டறையின் வரவேற்பு மேசையில் உட்கார வைத்தது. மேசையிலிருந்து மெல்ல மெல்ல ஸ்பேனருக்கு நகர்ந்தேன். இப்போது சட்டம் படிக்கப் புறப்படுகிறேன். முப்பதைத் தாண்டியவுடனே ஓய்வு பெற்றவனைப் போல் உபதேசிக்கிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் ஒரு தொழிலை விட்டுப் போகிறவனுக்கு அதைப் பற்றி உண்மை பேசத் தனி உரிமை உண்டு. இனி அவனுக்கு அதில் இலாபமும் இல்லை, அச்சமும் இல்லை.

அந்நாளில் நம் பட்டறையின் தலைமை மெக்கானிக்கைக் கரை முழுவதும் மேஸ்திரி என்றே அழைத்தது. நானும் அப்படியே அழைக்கிறேன். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்தவர். அடக்கம் என்ற பண்பு அவரிடம் மருந்துக்கும் கிடையாது. மீனவக் குடும்பத்தில் பிறந்து, படகு இன்ஜின்களோடு வளர்ந்து, அங்கிருந்து சாலை வண்டிகளுக்கு வந்தவர். "இந்தக் கரையில நான் தொட்ட வண்டி எதுனா ஒண்ணு நடுரோட்டுல கொதிச்சி நின்னுச்சின்னு எவனாவது சொல்லட்டும், மீசைய எடுத்துடறேன்" என்பார். ஒருவரும் சொன்னதில்லை. ஆகவே மீசை இருந்தது, நாளுக்கு நாள் முறுக்கும் ஏறியது. என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "பேச்சாளரே" என்றுதான் அழைப்பார். பாதி கேலி, பாதி பெருமை.

ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று எப்போதாவது யாராவது சொன்னால், அவரிடம் நிரந்தரமாக ஒரு பதில் இருந்தது. எதிரே இருக்கும் கல்லறையைக் கையால் காட்டுவார். "சூடு வேணும்னு கேக்குற ஆளுங்க எல்லாம் அதோ, அங்க படுத்துனு இருக்காங்க. அவங்கள்ல யாருனா எழுந்து வந்து கேட்டா செஞ்சி தரேன்." கடல் கடந்து குளிர்நாட்டிலிருந்து வந்து, நம் மண்ணில் முடிந்துபோன ஒல்லாந்தர்களை வைத்து அவர் செய்த இந்த நகைச்சுவைக்கு நாங்கள் ஒவ்வொரு முறையும் சிரித்தோம். வியர்வையில் ஊறிய ஊரில் ஹீட்டர் என்பதே ஒரு நகைச்சுவைதானே.

இனி அந்த நாள்.

முந்தைய இரவு முகத்துவாரத்தில் ஒரு படகு கவிழ்ந்திருந்தது. அதில் போனவர்களில் ஒருவர் நீந்திக் கரையேறிவிட்டார். மற்றவர் கவிழ்ந்த படகின் முதுகைப் பற்றிக்கொண்டு, காற்றிலும் மழையிலும் விடியும்வரை கிடந்திருக்கிறார். காலையில் வேறொரு படகு அவரைக் கண்டு கரைசேர்த்தது. சாலையில் தண்ணீர் நின்றதால் ஆம்புலன்ஸ் வர வழியில்லை. உயரமான வண்டி என்று இருந்தது அவருடைய மைத்துனரின் ஜீப் ஒன்றுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மின்சாரம் இல்லை. அங்கிருந்த நர்ஸ் அவரைத் துவட்டி, ஈரத்துணி மாற்றி, போர்வைகளில் சுற்றி, பொன்னேரிக்குத் தாமும் உடன் புறப்பட்டுவிட்டார். வண்டியில் ஏறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, ஹீட்டர் இருக்கிறதா என்பது. இருந்தது. போட்டார்கள். அதனால்தான் நம் வாசலில் நின்றார்கள்.

மைத்துனர் ஓட்டுநர் இருக்கையிலிருந்து குதித்தார். "மேஸ்திரி! ஹீட்டர போட்டா ஐஸ் பெட்டிய தொறந்தா மாதிரி காத்து வருது. சீக்கிரம் இன்னான்னு பாரு!"

மேஸ்திரி டீ கிளாஸோடு வெளியே வந்தார். மழைச்சத்தத்தில் அவருக்கு ஹீட்டர் என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்திருக்க வேண்டும். கை வழக்கம்போல் எதிர்ப்பக்கம் நீண்டது. "சூடு வேணும்னு கேக்குற ஆளுங்க எல்லாம்…"

பின்பக்கத் தார்ப்பாய் விலகியது. இருபது வயதைக் கடந்த ஒரு பெண் தலையை நீட்டினாள். "இங்க படுத்துனு இருக்காரு. என் நைனா."

டீ கிளாஸ் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. அடுத்து நான் பார்த்தபோது அவர் பானெட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

மைத்துனருக்குப் பொறுமை இல்லை. "ஹீட்டர ஆஃப் பண்ணிட்டு அப்படியே போயிடலாமே சிஸ்டர்?"

நர்ஸ் தலையை அசைத்தார். "ரோடெல்லாம் தண்ணி. ஊர்ந்துதான் போவணும். இந்தத் தார்ப்பாய்ல நாலு பக்கமும் காத்து வருது. இவ்ளோ நேரம் நடுங்கினு இருந்தாரு, இப்ப நடுக்கம் நின்னுபோச்சி. நல்லாயிட்டாருன்னு நெனச்சிக்காதீங்க. நடுங்கக்கூட உடம்புல தெம்பு இல்லன்னு அர்த்தம். நெஞ்சுல வேற தண்ணி ஏறியிருக்கு, இங்க வச்சிக்கவும் முடியாது. சூடு இல்லாம கௌம்பினா, பொன்னேரி வரைக்கும் நான் எதுக்கும் பொறுப்பு சொல்லமாட்டேன்."

அப்போது நானும் சும்மா நிற்கவில்லை. ஹீட்டர் குளிர்ந்த காற்று வீசினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, இன்ஜினின் சூட்டை ஹீட்டருக்குக் கொண்டுவரும் தண்ணீரை; குறைந்திருக்கலாம், அல்லது குழாயில் காற்று அடைத்திருக்கலாம். அதைச் சொன்னேன். மேஸ்திரி ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் நிறைவாக இருந்தது. ஹீட்டருக்குப் போகும் குழாயையும், அங்கிருந்து திரும்பும் குழாயையும் ஒரே நேரத்தில் இரண்டு கைகளாலும் பற்றினார். பற்றியபடியே நின்றார்.

"சுடுதா மேஸ்திரி?" என்றேன்.

"சுட்டா கைய எடுத்துருப்பேனே. கொழந்தை கையப் புடிச்சா மாதிரி புடிச்சினு நிக்கிறேன் பாரு."

இரண்டு குழாய்களும் ஒரே அளவில் வெதுவெதுப்பாக இருந்தன. அதன் பொருள்: தண்ணீர் ஓடுகிறது, அடைப்பு எங்கும் இல்லை, ஹீட்டர் மீது எந்தக் குற்றமும் இல்லை. கொடுப்பதற்கு இன்ஜினிடமே சூடு இல்லை. மேஸ்திரி ஓட்டுநர் பக்கம் போய், வெப்பம் காட்டும் முள்ளை எட்டிப் பார்த்தார். அது அடியில் படுத்திருந்தது.

"அந்த முள்ளு எப்பவுமே அங்கதான் கெடக்கும்" என்றார் மைத்துனர். "அத பாத்துதானே உன்ன தலையில தூக்கி வச்சினு ஆடறோம்."

மேஸ்திரி நிமிர்ந்தார். தோழர்களே, இந்த இடத்தில் உங்கள் பார்வையை அவர் முகத்தைவிட்டு எடுக்காதீர்கள். வாசலில் ஒரு கூட்டமே சேர்ந்திருந்தது. அவர் மீசையை அறிந்த கூட்டம். உள்ளே ஒரு பெண் தன் தந்தையின் பாதங்களைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். காரணம் என்ன என்பது அவர் ஒருவருக்கே தெரியும். "பழைய வண்டி, பைப்பு போயிருக்கு" என்று சொல்லியிருந்தால் மறுத்துப் பேச அங்கே ஆள் இல்லை. அவர் சொன்னது நான்கே சொற்கள்.

"வால்வு இல்ல. கழட்டுனது நான்."

எந்த வால்வு என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து, சூடேறியதும் தானே திறந்துகொள்ளும் தெர்மோஸ்டாட் வால்வு. படகு இன்ஜினை வெளித்தண்ணீர்தான் குளிர்விக்கிறது. ஏரியின் உப்பும் சேறும் ஏறினால் இந்த வால்வு மூடியபடியே இறுகிவிடும், நடுக்கடலில் இன்ஜின் வெந்துபோகும். ஆகவே நம் கரையில் படகு இன்ஜின் தொட்ட கைகள் செய்யும் முதல் வேலை அதைக் கழற்றி எறிவது. படகில் அது நியாயமான தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை மேஸ்திரி அப்படியே சாலைக்கும் கொண்டுவந்தார். சித்திரை வெயிலில் மீன் ஏற்றிக்கொண்டு கொதித்து நின்ற வண்டிகள் அதன்பின் நிற்கவே இல்லை. அவருடைய புகழ் முழுவதும் அந்த இல்லாத வால்வின் மேல் எழுந்து நின்றது. அதைத்தான் அந்த மழையில், எல்லோர் முன்னிலையிலும், தம் கையாலேயே இடித்தார்.

நான் மேடைகளில் கற்ற ஒன்று உண்டு: எதிரி சொல்லவிருக்கும் குற்றச்சாட்டை நாமே முந்திச் சொல்லிவிட்டால் அவனுடைய அம்பு கூர் இழக்கும். நான் அதை ஒரு தந்திரமாகத்தான் கற்றேன். மேஸ்திரி அதைத் தந்திரமாகச் செய்யவில்லை. வேறு எதையாவது சொல்லியிருந்தால், அந்தப் பொய்யைக் காப்பாற்றவாவது கொஞ்ச நேரம் ஹீட்டரைப் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கும். அந்தக் கொஞ்ச நேரம் உள்ளே படுத்திருந்தவருடையது. அதை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. என் வாழ்நாளில் நான் கேட்ட மிகச் சிறந்த உரை அந்த நான்கு சொற்கள்தான் என்று எந்த மேடையிலும் சொல்வேன்.

மைத்துனருக்கு அது உரையாகக் கேட்கவில்லை. அவர் மேஸ்திரியின் சட்டையைப் பிடித்துவிட்டார். "இன்னாது? நீ பண்ண வேலையா இது?"

தார்ப்பாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. "மாமா, கைய எடு. அடிக்கிறதுக்கு அவரு நாளைக்கும் இங்கதான் இருப்பாரு. நைனா இருப்பாரான்னுதான் தெரியல."

கை விலகியது.

கழற்றிய வால்வுகளில் ஒன்று என் மேசையில், காகிதங்கள் பறக்காமல் இருக்க வைத்த எடையாக இருந்தது. ஓடிப்போய் அதை எடுத்துவந்து நீட்டினேன். "இதை மாட்டிடலாம் மேஸ்திரி." எனக்கு நானே கைதட்டிக்கொள்ளும் வேகத்தில் சொன்னேன் என்பது நினைவிருக்கிறது.

அவர் அதை வாங்கி, ஒரு முறை திருப்பிப் பார்த்து, என் கையிலேயே திரும்ப வைத்தார். "தொறக்குமா மூடிக்குமான்னு தெரியாது. கொதிக்கிற தண்ணில போட்டுப் பாக்க இப்ப நேரம் இல்ல. மூடுனது மூடுனபடி இருந்துச்சின்னா, பாதி வழியில, தண்ணிக்கு நடுவுல இன்ஜின் வெந்து நிக்கும், அதோட அந்த மனுஷனும் நிப்பாரு. ஒரு தப்ப மறைக்க இன்னொண்ணா? வேணாம்." பிறகு கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ரேடியேட்டரு முன்னாடி வைக்கணும். காத்து போவாத எதுனா ஒண்ணு, பலகை மாதிரி. யாருகிட்டனா இருக்கா?"

தண்ணீரை உள்ளே தடுக்க வால்வு இல்லையென்றால், அதைக் குளிர்விக்கும் காற்றை வெளியே தடுப்பது. இதுதான் அவருடைய யோசனை.

அந்தப் பெண் ஜீப்பின் மூலையில் இருந்த மீன் பெட்டியின் மூடியை எடுத்து நீட்டினாள். கனமான தெர்மாகோல் மூடி. "ஐஸ் கரையாம இருக்க வாங்குனது. ஆவுமா?"

"ஐஸு இன்னா, சூடு இன்னா, அதுக்குத் தெரியவா போவுது? ஒரு பக்கத்துது இன்னொரு பக்கம் போவாம பாத்துக்கும். குடு."

சூட்டில் இளகிவிடாதபடி மூடியைச் சாக்கில் சுற்றினார். ரேடியேட்டரின் முன்னே செருகி, வலை பின்னும் நூலால் இறுக்கிக் கட்டினார். மேலே ஒரு கைப்பிடி அகலம் மட்டும் திறந்து விட்டார். கட்டி முடித்ததும் யாரையும் கேட்காமல் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார். "ஓட்டு மாமா. முள்ள நான் பாத்துக்கிறேன். பேச்சாளரே, பின்னாடி ஏறு. அந்தத் தார்ப்பாய் ஓட்டைங்கள உன் முதுகால அடை."

என் முதுகு அந்த அளவுக்குப் பயன்பட்ட நாள் வேறொன்று இல்லை.

சாலை ஏரியைப் போலக் கிடந்தது. ஜீப் நடையைவிடச் சற்றே வேகமாக நகர்ந்தது. ஹீட்டர் துவாரத்தில் நர்ஸ் கையை வைத்தபடி இருந்தார். முதலில் குளிர்ந்த காற்று. பிறகு எதுவுமற்ற காற்று. பிறகு அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வருது" என்றார்.

ஆனால் முள் நிற்கவில்லை. அடியிலிருந்து எழுந்து நடுவைத் தாண்டி மேலே போனது. மேஸ்திரி சொன்னார்: "அந்த மதகு மேல நிறுத்து."

"இப்பதான் சூடே வருது! நிறுத்துன்னா?"

"இன்ஜின் வெந்துபோச்சின்னா சூடும் இல்ல, வண்டியும் இல்ல. நிறுத்து மாமா."

மேட்டில் நிறுத்தினார்கள். மேஸ்திரி மழையில் இறங்கி, மூடியை ஒரு விரல் அகலம் கீழே இறக்கிவிட்டு ஏறினார். முள் தயங்கி, இறங்கி, மறுபடி எழுந்தது. மறுபடி ஒரு மேடு, மறுபடி ஒரு விரல். பின்னர் முள் அதிகம் இறங்கிவிட்டது என்று மூடியை அரை விரல் மேலே ஏற்றினார். கொஞ்சம் கூடினால் வண்டி போய்விடும். கொஞ்சம் குறைந்தால் மனிதர் போய்விடுவார். அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரு விரல் அகலத்தை அவர் பொன்னேரி வரை காத்தார். வால்வு ஒன்று தானாகச் செய்யும் வேலையை ஒரு மனிதர் நனைந்த உடையுடன் இறங்கி ஏறிச் செய்துகொண்டிருந்தார். தாம் கழற்றி எறிந்த பொருளின் இடத்தில் தாமே போய் உட்கார்ந்திருந்தார். உங்களில் எவரேனும் நெருக்கடியில் நிதானம் என்றால் என்ன என்று கேட்டால், பெரிய விளக்கம் எதுவும் என்னிடம் இல்லை. அந்த விரலைக் காட்டுவேன்.

பாதி வழியைக் கடந்தபின் போர்வைக்குள் ஏதோ அசைந்தது. பெண் பதறினாள். "சிஸ்டர், நைனாவுக்கு ஒடம்பெல்லாம் ஒதறுது! பாருங்களேன்!"

நர்ஸ் குனிந்து பார்த்தார். பிறகு அந்தப் பயணத்தில் முதன்முறையாகச் சிரித்தார். "நடுங்குறாரு. நல்லா நடுங்கட்டும். ஒடம்புக்குத் தெம்பு வந்துடுச்சி."

முன்னிருக்கையில் மேஸ்திரியின் தோள்கள் இறங்கியதை நான் பார்த்தேன். அவர் திரும்பவில்லை. கண் முள்ளில்தான் இருந்தது.

இன்னும் சற்று தூரம் போனதும் கிழிந்த ஒரு குரல் கேட்டது. "வல எங்க?"

"வலையா? போனா போவுது நைனா! ராத்திரி பூரா எங்கள சாவடிச்சிட்டு, கண்ணத் தொறந்ததும் வலையக் கேக்குற!" என்று திட்டிக்கொண்டே அந்தப் பெண் அழுதாள்.

அவர் பிழைத்தார். இன்றும் ஏரியில் தொழில் செய்கிறார், நம் பட்டறையைக் கடக்கும்போதெல்லாம் "ஹீட்டர் ரெடியா?" என்று குரல் கொடுக்கும் மனிதர் அவர்தான். உங்களுக்கு அது வெறும் கேலியாகத் தோன்றியிருக்கும். அலமாரியில் அடுக்கியிருக்கும் வால்வுகளும், ஒவ்வொன்றையும் பொருத்தும் முன் கொதிநீரில் இட்டு, திறக்கிறதா என்று பார்க்கும் அந்தப் பாத்திரமும் அந்த நாளின் பிள்ளைகள். இப்போது அவற்றைப் பார்த்து நீங்கள் சிரிக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மீதி ஒன்றுதான் இருக்கிறது. ஆபத்து இல்லை என்று டாக்டர் சொன்னபின், நாங்கள் மருத்துவமனைக்கு வெளியே டீக்கடையில் நின்றோம். அந்தப் பெண் தன் கிளாஸை வாங்கிக்கொண்டு, மேஸ்திரியைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். "இன்னா மேஸ்திரி, மாமா அடிக்க வேண்டியது பாக்கி இருக்குதே. இப்பவா, நாளைக்கா?"

மைத்துனர் சிரித்துவிட்டார். நான் முன்னே வந்தேன். இத்தகைய தருணங்களுக்காகத்தானே நான் பயின்றிருக்கிறேன். மேஸ்திரியின் சார்பில் இரண்டு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தேன்.

"கம்முனு இரு பேச்சாளரே" என்றார் அவர். "இது என் பேச்சு."

நனைந்த சட்டையோடு டீக்கடை பெஞ்சின் மேல் ஏறி நின்றார். நான் ஏறிய எந்த மேடையும் அவ்வளவு உயரமாக இருந்ததில்லை. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்தார். பிறகு சத்தமாகச் சொன்னார்:

"எல்லாரும் கேட்டுக்கங்க. இனிமே எந்த வண்டியில இருந்தும் வால்வு கழட்டமாட்டேன். கழட்டுன வண்டி ஒவ்வொண்ணையும் நானே தேடிப்போய் மாட்டுவேன், எதுக்கு மாட்டுறேன்னும் வாயால சொல்லுவேன். சூடு வேணும்னு இந்தக் கரையில எவன் வந்து கேட்டாலும் சிரிக்கமாட்டேன். சூடு வேணாம்னு சொல்ற ஆளுங்க, நம்ம பட்டறைக்கு எதிர்ல படுத்துனு இருக்கிறவங்க மட்டும்தான்."